புதர்க்காட்டில் மரம் நடலாமா?

கேள்வி இது: "எங்கள் குழுவின் பொறுப்பில் கொஞ்சம் வறண்ட நிலம் வந்திருக்கிறது. முட்புதரும், இடையிடையே குட்டை மரங்களும்தான். வருடத்தில் சில மாதம்தான் மழை. இதில் மரம் நட்டுக் காடாக்குவதா, அப்படியே விட்டுவிடுவதா? இப்படிப்பட்ட இடத்தில் பாதுகாப்பு என்றால் என்னதான் செய்வது?"

முதல் ஒரு வருடம் எதையும் நடாதீர்கள். குழி வெட்டும் இயந்திரத்தை உள்ளே விடவே விடாதீர்கள். அந்த ஒரு வருடத்தில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: இங்கே இருக்கும் செடிகள் வெட்டினாலோ, மேய்ந்தாலோ, எரிந்தாலோ எந்த வழியாகத் திரும்பி வருகின்றன? அடுத்து என்ன செய்வது, எதைச் செய்யக்கூடாது என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ஏன் இவ்வளவு தயக்கம் என்று தோன்றும். புதர்க்காட்டைப் பார்த்ததும் "இது கெட்டுப்போன காடு" என்று நினைக்க நாம் எல்லோருமே பழகியிருக்கிறோம். அரசு ஆவணங்களும் அப்படித்தான். இந்திய வன அளவைக் கணக்கில், மரக் கவிகை, அதாவது மேலிருந்து பார்த்தால் மரங்களின் இலைக்கூரை மூடும் பரப்பு, 10 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் வனநிலம் 'புதர்' என்று தனியாக ஒதுக்கப்படுகிறது. நாட்டின் தரிசுநில வரைபடத் தொகுப்பிலோ அடர் புதர் நிலம், திறந்த புதர் நிலம் இரண்டும் தரிசின் வகைகளாகவே வருகின்றன. உலக அளவிலும் இதே கதைதான். 2019-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு கட்டுரை, பூமியில் இன்னும் 90 கோடி ஹெக்டேர் அளவுக்கு மரக் கவிகையை உருவாக்க இடமிருக்கிறது என்று கணக்குப் போட்டது. புல்வெளிகளையும் மரம் சிதறிய புல்நிலங்களையும் காலி இடம்போல அதில் சேர்த்துவிட்டார்கள் என்று உடனே பல சூழலியலாளர்கள் மறுத்து எழுதினார்கள். மேலிருந்து பார்த்து மரத்தை மட்டும் எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

சரி, அங்கே உண்மையில் என்ன இருக்கிறது? குளிர்காலத்தில் மழையும் கோடையில் வறட்சியும் உள்ள ஐந்து புதர்நிலப் பகுதிகள் உலகில் உண்டு: மத்தியதரைக் கடலோரம், கலிபோர்னியா, நடு சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும். ஐந்தையும் சேர்த்தாலும் நிலப்பரப்பில் 5 சதவீதம்கூடத் தேறாது. ஆனால் உலகின் தாவர இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. கேப் பகுதி மட்டும் சுமார் 90,000 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 9,000 தாவர இனங்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வேறெங்கும் கிடையாது. இடுப்பளவு புதர் என்று அலட்சியமாகக் கடந்துபோகும் இடம் அது.

வெப்பமண்டலத்து முட்காடுகளில் இனங்களின் எண்ணிக்கை இவ்வளவு மலைக்க வைக்காது. ஆனால் அவற்றின் அமைப்பு சுவாரசியமானது. உங்கள் நிலத்தில் ஒரு பெரிய புதரை எடுத்துக்கொண்டு முழங்காலிட்டு அடியில் பாருங்கள். வெளியே மண் இறுகிக் கிடக்கும். புதருக்குள்ளே சருகு மக்கிக் கருத்த மண் இருக்கும். பறவை எச்சத்தில் விழுந்த விதைகள் முளைத்து நிற்கும். ஆடு வாய் வைக்க முடியாத முள்ளுக்கு நடுவே ஒரு மரக்கன்று நிமிர்ந்து வரும். வறண்ட நிலத்தில் கன்றுகள் பெரும்பாலும் இப்படி இன்னொரு செடியின் மடியில்தான் வளர்கின்றன. அமெரிக்காவின் சொனோரா பாலைவனத்தில் சகுவாரோ என்ற தூண் கள்ளி, பாலோ வெர்டே மரத்தின் நிழலில் தொடங்கிப் பிறகு அதையும் தாண்டி உயர்வது பாடப்புத்தக உதாரணம்.

நீரிலும் இந்த உறவு உண்டு. ஆழ வேர் விடும் சில புதர்கள் கீழ்மண்ணிலிருந்து இரவில் இழுக்கும் நீரில் ஒரு பகுதியை மேல்மண்ணில் கசியவிடுகின்றன. பக்கத்துச் செடிகளும் அதைக் குடிக்கின்றன. அமெரிக்க மேற்கின் சேஜ் புதரில் இதை 1987-இல் அளந்து காட்டினார்கள். வேர் எவ்வளவு ஆழம் போகும் என்றால், ஆப்பிரிக்காவின் வறண்ட கலஹாரியில் ஒரு மரத்தின் வேரை ஆழ்துளைக் கிணற்றில் 68 மீட்டருக்குக் கீழே பார்த்திருக்கிறார்கள். நம் கண்ணுக்குக் குட்டையாகவே தெரியும் மரம் அது.

புதர்களுக்கு இடையிலுள்ள வெறும் தரையையும் 'காலி' என்று எண்ண வேண்டாம். நீலப்பச்சைப் பாசியும், பாசியும் பூஞ்சையும் இணைந்து வாழும் லைக்கனும் சேர்ந்து மண்ணின் மேல் மெல்லிய பொருக்குபோலப் படிந்திருக்கும். காற்றில் மண் பறக்காமல் பிடிப்பதும், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதும் அதன் வேலை. டிராக்டர் ஒருமுறை ஓடினால் பொடிப்பொடியாகிவிடும். பல இடங்களில் அது திரும்ப உருவாகப் பத்தாண்டுகள் பல ஆகும். குழி எடுப்பது, உழுவது, வரப்புப் போடுவது எல்லாம் நல்லெண்ணத்தில் தொடங்கி இந்தப் பொருக்கைத்தான் முதலில் காலி செய்கின்றன.

இப்போது, திரும்பி வரும் வழி. வறண்ட நிலத்துச் செடிகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு வகை, மேலே எல்லாம் போனாலும் அடிமரத்திலிருந்தோ மண்ணுக்குள் இருக்கும் முண்டிலிருந்தோ துளிர்த்துவிடும். இன்னொரு வகை செத்தே போகும்; விதைதான் அடுத்த தலைமுறை. இரண்டும் செய்யும் செடிகளும் உண்டு. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல் பாதுகாப்புத் திட்டம் போடுவதில் பொருளில்லை.

கலிபோர்னியாவின் சப்பரல் புதர்க்காட்டைப் பாருங்கள். அங்கே மான்சனீட்டா, சியனோதஸ் என்ற புதர்களில் பல இனங்கள் தீயில் அடியோடு மடியும். மண்ணில் பல பத்தாண்டுகளாகக் காத்திருக்கும் விதைகள் வெப்பத்தாலோ, கரியும் புகையும் விடும் வேதிப்பொருள்களாலோ உறக்கம் கலைந்து முளைக்கும். இதை வைத்து "சப்பரலுக்குத் தீ தேவை, அடிக்கடி எரியட்டும்" என்று பலர் முடிவு கட்டினார்கள். அதுதான் ஆபத்து. முளைத்த கன்று பூத்து, காய்த்து, மண்ணில் போதிய விதையைச் சேர்த்து வைக்கப் பல வருடங்கள் வேண்டும். அதற்குள் இன்னொரு தீ வந்தால், விதையும் இல்லை, தாயும் இல்லை. சான் டியாகோ வட்டாரத்தில் 2003-இல் 'சீடர்' என்று பெயரிட்ட காட்டுத்தீ ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. அதில் ஒரு பகுதி 2007-இல் வந்த 'விட்ச்' என்ற தீயில் திரும்பவும் எரிந்தது. நான்கே வருட இடைவெளி. இப்படி அடுத்தடுத்து எரியும் இடங்களில் புதர் போய், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒருபருவப் புற்கள் நிறைகின்றன. அந்தப் புல் சீக்கிரம் காயும், சீக்கிரம் பற்றும், அடுத்த தீயை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வரும். அந்தச் சுழலுக்குள் போன நிலம் தானாக மீள்வது அரிது.

கேப் பகுதியின் ஃபைன்பாஸ் என்ற புதர்நிலத்திலும் தீ உண்டு, ஆனால் கணக்கு வேறு. அங்கே பல புரோட்டியா புதர்கள் விதையை மண்ணில் போடாமல் காய்ந்த பூத்தலையிலேயே பூட்டி வைத்திருக்கும். செடி எரிந்து சாகும்போதுதான் விதை விழும். ரொம்ப சீக்கிரம் எரிந்தால் பூத்தலையே இருக்காது. ரொம்பக் காலம் எரியாமல் விட்டால் புதர் கிழடாகிச் சாய்ந்து விதையும் அதோடு வீணாகும். அதனால் அங்கே நிலத்தைப் பராமரிப்பவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது: மிகத் தாமதமாகப் பருவத்துக்கு வரும் புரோட்டியா இனத்தை எடுத்துக்கொள்; அதில் பாதிச் செடிகளாவது மூன்று பருவம் பூத்திருந்தால் ஒழிய அந்தத் துண்டை எரிக்காதே. வருடக் கணக்கை நாட்காட்டியில் பார்க்காமல் செடியிடமே கேட்கும் வழக்கம் இது. எனக்கு மிகவும் பிடித்த நிர்வாக விதி.

அதே ஃபைன்பாஸில் எறும்புக் கதை ஒன்றும் உண்டு. நூற்றுக்கணக்கான இனங்களின் விதையில் எண்ணெய்ச் சத்துள்ள ஒரு சிறு சதைத்துண்டு ஒட்டியிருக்கும். உள்ளூர் எறும்பு அதற்காக விதையைப் புற்றுக்குள் இழுத்துப்போய், சதையைத் தின்று, விதையைப் பூமிக்குள்ளேயே விட்டுவிடும். எலிக்கும் தப்பும், தீச்சூட்டுக்கும் தப்பும். தென் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த அர்ஜென்டினா எறும்பு, உள்ளூர் எறும்பைத் துரத்திவிட்டு, சதையை மேலேயே நின்று தின்றுவிட்டு விதையைத் தரையிலேயே போட்டுவிடுகிறது. அந்த எறும்பு பரவிய இடங்களில் முளைக்கும் கன்றுகள் குறைவதை 1984-இல் வெளியான ஆய்வு காட்டியது. செடிகள் எல்லாம் நின்றுகொண்டிருக்கும், பார்க்கப் பசுமையாகவே இருக்கும். அடுத்த தீக்குப் பிறகுதான் வெறுமை தெரியும்.

மரம் நடுவதைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கும் கேப் ஒரு பாடம். அங்கே கொண்டுவந்த பைன், ஆஸ்திரேலிய வேல மரங்கள் புதர்நிலத்தில் பரவி, ஓடைகளின் நீர்வரத்தைக் குறைத்தன. உயரமும் இலையும் கூடினால் குடிக்கும் நீரும் கூடும், அவ்வளவுதான். 1995-இல் தென்னாப்பிரிக்க அரசு அந்த மரங்களை வெட்டி அகற்றவே 'வொர்க்கிங் ஃபார் வாட்டர்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நீருக்காக மரத்தை வெட்டும் திட்டம்.

ஆனால் இதையெல்லாம் படித்துவிட்டு உங்கள் நிலத்துக்குத் தீ வைக்கக் கிளம்பிவிடாதீர்கள். எல்லா வறண்ட காடும் தீயோடு வளர்ந்ததல்ல. கோஸ்டா ரிகாவின் வடமேற்கிலுள்ள குவானகாஸ்டே இதற்கு நேர் எதிர். அங்கே இலையுதிர்க்கும் உலர் காட்டை வெட்டி மாடு மேய்த்தார்கள். மேய்ச்சலுக்கு ஆப்பிரிக்காவின் ஹராகுவா புல்லை விதைத்தார்கள். ஆளுயரப் புல், ஒவ்வொரு கோடையிலும் தீ. காட்டு மரங்களின் கன்றுகளுக்கு அந்தத் தீயைத் தாங்கும் சக்தி கிடையாது. சூழலியலாளர்கள் டேனியல் ஜான்சனும் வின்னி ஹால்வாக்ஸும் 1980-களின் நடுவில் அங்கே மீட்பு வேலையைத் தொடங்கியபோது முதன்மையாகச் செய்தது தீயை நிறுத்தியதுதான். அந்த ஊர்க்காரர்களையே தீத்தடுப்பு வேலைக்கு அமர்த்தினார்கள். புல்லின் அடர்த்தியைக் குறைக்கச் சில இடங்களில் கொஞ்ச காலம் மாட்டையே மேயவிட்டார்கள். காற்றில் பறக்கும் விதையுள்ள மரங்கள் முதலில் வந்தன. நிழல் விழுந்ததும் புல் நொந்தது. அப்புறம் பறவையும் விலங்கும் மற்ற விதைகளைக் கொண்டுவந்தன. இன்று அது உலகப் பாரம்பரியத் தலம்.

அப்படியென்றால் உங்கள் நிலம் எந்தப் பக்கம்? துல்லியமான விடைக்கு உள்ளூர்த் தாவரங்கள் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். ஆனால் தரையில் சில தடயங்கள் தெரியும். சதைப்பற்றுள்ள கள்ளி வகைகள் நிறைய இருந்து, புல் தொடர்ச்சியாக இல்லாமல் திட்டுத்திட்டாக இருந்தால், அது தீக்குப் பழகாத கூட்டம். நெருப்பை அண்டவிடக் கூடாது. பிரேசிலின் காட்டிங்கா என்ற முட்காடு இந்த வகை. மாறாக, தரை முழுக்கப் புல் விரிந்து, மேலே தடித்த பட்டையுள்ள மரங்கள் இடைவெளிவிட்டு நின்றால், தீயும் மேய்ச்சலும் காலங்காலமாக அங்கே இருந்திருக்கலாம். அங்கே எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் புதர் அடைத்துப் புல்லும் அதிலுள்ள சிறு பூச்செடிகளும் மறையும்.

இன்னொரு சிக்கல் பாக்கி. சில புதர்க்காடுகள் உண்மையிலேயே வெட்டி வெட்டிக் குறுகிப்போன காடுகள்தான். அதை மறைக்கத் தேவையில்லை. சோழமண்டலக் கரையோரத்து உலர் பசுமைமாறாக் காட்டில் வீரையும் காசாவும் பல இடங்களில் தலைக்குமேல் உயராத புதராக நிற்கின்றன. அதே இனங்கள் கோயில்காடுகளில் நல்ல மரமாக உயர்ந்திருக்கும். அங்கே வெட்டையும் மேய்ச்சலையும் நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் வேர் உயிரோடு இருக்கிறது. ஆனால் அதிலிருந்து கொஞ்சம் வடமேற்கே போனால், ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்துப் புதர்க்காட்டில் ஜெர்டன்ஸ் கோர்சர் என்ற இரவுப் பறவை. 1900-க்குப் பிறகு அற்றுப்போனதாகவே நினைத்திருந்து, 1986-இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். அதற்கு வேண்டியது புதரும் வெட்டவெளியும் கலந்த தரை. இடைவெளியில் எல்லாம் மரம் நிறைந்தால் அது ஓடி இரை தேட இடமில்லை. புதரை எல்லாம் வெட்டினாலும் இருக்காது. இரண்டு நிலமும் ஆவணத்தில் 'புதர்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்.

எனவே ஒப்பிட ஓர் இடம் வேண்டும். உங்கள் நிலத்தின் அதே மண், அதே மழை உள்ள, நீண்ட காலமாக யாரும் கைவைக்காத ஒரு துண்டு அருகில் இருக்கிறதா என்று தேடுங்கள். வேலியடைத்த பழைய நிலம், எட்ட முடியாத பாறைச்சரிவு, எதுவானாலும் சரி. அங்கே புதராகவே இருந்தால் உங்கள் நிலமும் புதர்தான். கூடவே உங்கள் நிலத்தில் அடிமரங்களைப் பாருங்கள். ஒரே அடியிலிருந்து பத்துக் குச்சிகள் கிளம்பியிருந்தால், வெட்டப்பட்ட மரம் துளிர்த்துக்கொண்டிருக்கிறது. ஆடு தொடாத செடிகளே எங்கும் நிறைந்திருந்தால், மேய்ச்சல் அளவுமீறிப் போயிருக்கிறது. பெரிய செடிகள் உண்டு, கன்றே இல்லை என்றால், மேலே சொன்ன எறும்புக் கதைபோல எங்கோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது.

அயல் செடிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வறண்ட நிலத்தில் பணமும் உழைப்பும் அதிகம் போவது இதில்தான். சொனோராவில் பஃபல் புல் பரவி, தீயே தெரியாத சகுவாரோக் கள்ளிகளுக்கு நடுவே தீயைக் கொண்டுவந்தது. நமக்குத் தெரிந்தது சீமைக் கருவேலம், 1877-இல் இந்தியாவுக்கு வந்தது. அதைத் தரைமட்டத்தில் வெட்டுவது வெட்டிவேலை. தண்டும் வேரும் சேரும் இடத்திலுள்ள மொட்டுகளிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். அந்த இடத்துக்குக் கீழே வெட்டி எடுத்தால்தான் சாகும். ஒரே மூச்சில் முழு நிலத்தையும் வழிக்காதீர்கள். அதன் நிழலில் பறவைகள் போட்ட விதையிலிருந்து உள்ளூர்க் கன்றுகள் வந்திருக்கக்கூடும்; அவற்றுக்குக் குறியிட்டுச் சுற்றிலும் கையால் அகற்றுங்கள். மண்ணில் அதன் விதை இருக்கும் என்பதால் அடுத்தடுத்த மழைக்குப் பின் முளைப்பவற்றைப் பிடுங்க ஆளும் பணமும் ஒதுக்கி வைத்துவிட்டே தொடங்குங்கள். பணம் முதல் வருடத்தோடு தீர்ந்துபோகும் திட்டம் என்றால் தொடாமல் இருப்பதே மேல்.

மேய்ச்சலும் விறகும்: அந்த நிலத்தை ஏற்கெனவே பயன்படுத்துபவர்களை வெளியே தள்ளி வேலி போட்டால், வேலி அதிக நாள் நிற்காது. தென்மத்திய ஆப்பிரிக்காவின் மியோம்போ காடுகளில் கரிக்காக வெட்டுவது பெரும் தொழில்; அங்கே மரங்கள் அடியிலிருந்து நன்றாகத் துளிர்ப்பதால், வெட்டிய துண்டுக்குப் போதிய ஓய்வும் தீயிலிருந்து காப்பும் கொடுத்தால் காடு திரும்புகிறது. வெட்டிய இடத்தில் விவசாயமும் வருடாவருடம் தீயும் சேரும்போதுதான் திரும்புவதில்லை. உங்கள் நிலத்தில் சிறு பகுதியை மட்டும் மேய்ச்சலுக்கு மூடி, மற்றதைத் திறந்து வைத்து இரண்டையும் ஒப்பிடுங்கள். மேய்ப்பவர்களும் அதைப் பார்ப்பார்கள். பேச்சுவார்த்தைக்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

இவ்வளவுக்கும் பிறகு, ஒப்பிட்ட இடத்தில் இருக்கும் மர இனம் உங்கள் நிலத்தில் இல்லை, விதை வரவும் வழியில்லை என்று தெரிந்தால், தாராளமாக நடுங்கள். வரிசை போட வேண்டாம். ஸ்பெயினின் சியரா நெவாடாவில் காலங்காலமாகப் புதரை அகற்றிவிட்டுத்தான் மரக்கன்று நட்டார்கள், போட்டி குறையும் என்று. பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது, புதரின் அடியில் நட்ட கன்றுகளே வெட்டவெளியில் நட்டவற்றைவிட அதிகம் பிழைத்தன. எனவே இருக்கும் புதரின் நிழல்விழும் பக்கமாக, முதல் நல்ல மழை நனைத்ததும், உங்கள் வட்டாரத்திலேயே பொறுக்கிய விதையிலிருந்து வளர்த்த சிறு கன்றை வையுங்கள். நாற்றங்காலில் பையில் வேர் சுருண்டுபோன பெரிய கன்று படத்துக்கு அழகாக இருக்கும், கோடையில் சாகும். வேரை ஆழத்துக்கு அனுப்ப நேரம் கிடைத்த கன்றுதான் நிற்கும், அதனால் முடிந்தால் விதையையே நேரடியாகப் புதருக்குள் ஊன்றிப் பாருங்கள்.

எத்தனை மரம் நட்டோம் என்ற கணக்கை யாராவது கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். ஆனால் உங்களுக்காக வேறொரு ஏடு வையுங்கள். நிலத்தில் சில இடங்களில் முளைக்குச்சி அடித்து, வருடந்தோறும் அதே மாதத்தில், அதே குச்சியிலிருந்து, அதே திசையில் படம் எடுங்கள். ஒவ்வொரு குச்சியைச் சுற்றியும் வெறும் மண் எவ்வளவு, பொருக்கு எவ்வளவு, எந்த இனத்தின் கன்று எத்தனை, பூத்தது எது, பூக்காதது எது என்று எழுதுங்கள். மழை பொய்த்த வருடத்தையும் விடாமல் எழுதுங்கள். சில இனங்கள் நல்ல மழை வரும் வருடத்தில் மட்டும்தான் கூட்டமாக முளைக்கும். நடுவில் பல வருடம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். அதைப் பார்த்துவிட்டு மூன்றாம் வருடம் யாராவது "ஒன்றும் வரவில்லையே, இயந்திரத்தைக் கூப்பிடலாமா" என்று கேட்டால், அந்த ஏட்டை எடுத்துக் காட்டுங்கள்.